சாவியைத் திருப்பினால் என்ன சத்தம் கேட்கிறது?

காலை 4 மணி. ரயில் நிலையத்துக்குப் போக வேண்டிய சவாரி காத்திருக்கிறது. ஓட்டுநர் சாவியைத் திருப்புகிறார். வண்டி கிளம்பவில்லை. மறுபடி திருப்புகிறார். அப்போதும் இல்லை. அந்தச் சவாரி வேறு வண்டிக்குப் போய்விடுகிறது.

வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு இது சின்ன இழப்பு அல்ல. சவாரிக் காசு போயிற்று. மெக்கானிக்கை அழைத்தால் அதற்கும் காசு. பல நேரங்களில் மெக்கானிக் வந்து ஒரே ஒரு நட்டை இறுக்குவார். வண்டி உடனே கிளம்பிவிடும். அந்த நட்டை நாமே இறுக்கியிருக்கலாம். எந்த நட்டு என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

வண்டி கிளம்பாவிட்டால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? தள்ள ஆள் தேடுகிறோம். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. காதைத் தீட்டிக் கேட்க வேண்டும். வண்டி தன் நோயைச் சத்தத்தில் சொல்லிவிடும்.

இங்கே சொல்வது பெரும்பாலும் பெட்ரோல் கார்களைப் பற்றி. மாருதி 800 காரை எடுத்துக்கொள்வோம். அது 1983-இல் வந்தது. 2014-இல் அதன் உற்பத்தி நின்றது. ஆனாலும் பல ஊர்களில் இன்னும் ஓடுகிறது. சிறிய எஞ்சின். மூன்றே பிளக். பானட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கற்றுக்கொள்ள ஏற்ற வண்டி.

எஞ்சின் எப்படி உயிர் பெறுகிறது?

ஊஞ்சல் ஆட முதலில் ஒருவர் தள்ளிவிட வேண்டும் அல்லவா? எஞ்சினும் அப்படித்தான். அதை முதலில் சுற்றிவிடுவது செல்ஃப் மோட்டார். செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரம் கொடுப்பது பேட்டரி. எஞ்சின் சுற்றும்போது பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே போகின்றன. பிளக் தீப்பொறி விடுகிறது. பெட்ரோல் பற்றிக்கொள்கிறது. பிறகு எஞ்சின் தானே ஓடும்.

ஆகவே கேள்வி இரண்டுதான். எஞ்சின் சுற்றுகிறதா? சுற்றினால், பற்றுகிறதா?

இப்போது கியரை நியூட்ரலில் போடுங்கள். கைபிரேக்கை இழுத்து வையுங்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். கேளுங்கள், பாருங்கள்.

'டக் டக் டக்' என்று தொடர்ந்து சத்தம் வருகிறதா? விளக்கும் மங்குகிறதா? பேட்டரியில் பலம் இல்லை. அல்லது பேட்டரியில் மாட்டிய வயர் தளர்ந்திருக்கிறது.

சத்தமே இல்லை, விளக்கும் எரியவில்லையா? பேட்டரி முழுவதும் இறங்கியிருக்கலாம். வயர் கழன்றும் இருக்கலாம்.

விளக்கு நன்றாக எரிகிறது. ஆனால் சத்தம் இல்லை, அல்லது ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்கிறது. அப்படியானால் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். செல்ஃப் மோட்டாரில், அதன் வயரில், அல்லது சாவி சுவிட்சில் கோளாறு இருக்கலாம். சிலர் செல்ஃப் மோட்டாரை ஸ்பேனரால் தட்டி வண்டியைக் கிளப்புவார்கள். அன்றைக்கு ஓடும். நோய் தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது. அன்றே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

'கர் கர் கர்' என்று எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை. இது வேறு கதை. அதைப் பிறகு பார்ப்போம்.

பேட்டரியைப் பாருங்கள்

வண்டி கிளம்பாமல் போவதற்குப் பேட்டரிதான் மிகவும் அடிக்கடி காரணமாகிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகத் தெரிந்துகொள்வோம்.

கார் பேட்டரி 12 வோல்ட். அதன் மேல் இரண்டு முனைகள் இருக்கும். ஒன்றில் + குறி. மற்றொன்றில் − குறி. − முனையின் வயர் வண்டியின் உடம்பில், அதாவது இரும்பில் மாட்டியிருக்கும். இதை 'எர்த்' என்பார்கள்.

முனையில் மாட்டிய கிளாம்பைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடுகிறதா? இறுக்குங்கள். பல வண்டிகளுக்கு 10 நம்பர் ஸ்பேனர் போதும். வெள்ளையாகவோ பச்சையாகவோ தூள் பூத்திருக்கிறதா? அந்தத் தூள் மின்சாரத்தை மறிக்கும். விளக்கு எரிய அது விடும், ஏனென்றால் விளக்குக்குக் கொஞ்சம் மின்சாரம் போதும். செல்ஃப் மோட்டாருக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். அது அந்தத் தூளைத் தாண்டி வராது.

சுத்தம் செய்யும்போது ஒரு முறை உண்டு. கழற்றும்போது − முனையை முதலில் கழற்றுங்கள். + முனையைப் பிறகு கழற்றுங்கள். மாட்டும்போது + முதலில், − கடைசியில். ஏன் தெரியுமா? + முனையைக் கழற்றும்போது ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும். கையைச் சுட்டுவிடும். − முனை முதலிலேயே கழன்றிருந்தால் அந்த ஆபத்து இல்லை.

வெந்நீரில் ஆப்பசோடாவைக் கரைத்துத் தூளின் மேல் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கும். பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். சோடாத் தண்ணீர் பேட்டரிக்கு உள்ளே போகக் கூடாது. மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். துடைத்து, உலர்த்தி, மாட்டி, இறுக்கியபின் மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். தூள் சீக்கிரம் பூக்காது. அந்தத் தூளில் ஈயம் கலந்திருக்கும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டீ குடிக்க வேண்டும்.

மூடி திறக்கும் பேட்டரி என்றால் தண்ணீர் அளவையும் பாருங்கள். குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் உப்பு இருக்கிறது. அது பேட்டரியைக் கெடுக்கும். ஆசிட் ஊற்றவே கூடாது. ஆவியாகிப் போவது தண்ணீர்தான், ஆசிட் அல்ல.

பேட்டரி அருகில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது. உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்கத் தீக்குச்சி கிழிப்பவர்கள் உண்டு. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அது வெடிக்கும். வெடித்தால் ஆசிட் முகத்தில் தெறிக்கும். டார்ச் விளக்கு வைத்துப் பாருங்கள். கண்ணில் ஆசிட் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவத் தொடங்குங்கள். கால் மணி நேரமாவது கழுவ வேண்டும். பிறகு மருத்துவரிடம் போக வேண்டும்.

நம் நாட்டில் ஓர் ஊரின் பருவம் மற்றோர் ஊரில் இல்லை. பேட்டரிக்கு இது தெரியும்! டெல்லியில் ஜனவரி மாதக் காலையில் குளிர் 5 டிகிரிக்கும் கீழே போவதுண்டு. குளிரில் பேட்டரியின் பலம் குறையும். எஞ்சின் ஆயிலும் கெட்டியாகும். அதனால் முதல் நாள் இரவு நன்றாக ஓடிய வண்டி காலையில் முரண்டு பிடிக்கும். ராஜஸ்தானில் கோடை வெயில் 45 டிகிரியைத் தொடும். அங்கே பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும். பேட்டரியின் ஆயுளும் குறையும். சாதாரணமாக ஒரு பேட்டரி 3 அல்லது 4 ஆண்டுகள் உழைக்கும். வெயில் அதைக் குளிரை விட அதிகமாகத் தின்கிறது. குளிர் காலத்தில்தான் அது வெளியே தெரிகிறது.

தள்ளலாமா?

பேட்டரி இறங்கிய வண்டியைத் தள்ளிக் கிளப்பலாம். ஆனால் எல்லா வண்டிகளையும் அல்ல. ஆட்டோமேட்டிக் கியர் காரைத் தள்ளிக் கிளப்ப முடியாது. பேட்டரியில் உயிரே இல்லாவிட்டால் புதிய கார்களில் தள்ளுவதும் பயன்படாது. அங்கே பெட்ரோல் பம்பும் பிளக்கும் பேட்டரியை நம்பியிருக்கின்றன.

தள்ளுவதென்றால் சமதரையில் தள்ளுங்கள். சாவி 'ஆன்' நிலையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். கிளட்ச்சை மிதித்து இரண்டாவது கியர் போடுங்கள். வண்டி நன்றாக நகர்ந்ததும் கிளட்ச்சைச் சட்டென்று விடுங்கள். கிளம்பியதும் மறுபடி மிதியுங்கள். எஞ்சின் ஓடாதபோது பிரேக் வழக்கம்போல் பிடிக்காது, பலமாக மிதிக்க வேண்டும். அதனால் முன்னால் யாரும் நிற்கக் கூடாது. குழந்தைகளைத் தள்ள விடாதீர்கள். இரண்டு முறை தள்ளியும் கிளம்பாவிட்டால் விட்டுவிடுங்கள். திரும்பத் திரும்பத் தள்ளினால் எரியாத பெட்ரோல் புகைக் குழாய்க்குப் போகும். அங்கே புகையைச் சுத்தம் செய்யும் கருவி கெட்டுப்போகும். அதன் விலை பேட்டரி விலையை விட அதிகம்.

வேறு வண்டியின் பேட்டரியிலிருந்து வயர் போட்டுக் கிளப்புவது நல்ல வழி. இரண்டும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். வண்டிகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. சிவப்பு வயரால் + முனைகள் இரண்டையும் சேருங்கள். கறுப்பு வயரின் ஒரு நுனியை நல்ல பேட்டரியின் − முனையில் மாட்டுங்கள். மறு நுனியை இறங்கிய பேட்டரியில் மாட்டாதீர்கள். அந்த வண்டியின் எஞ்சினில், பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரிக்குத் தள்ளி மாட்டுங்கள். கடைசியாக மாட்டும் இடத்தில் தீப்பொறி வரும். அது பேட்டரி வாயுவுக்கு அருகில் வரக் கூடாது.

சுற்றுகிறது, பற்றவில்லை

முதலில் பெட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். பழைய வண்டியில் முள் பொய் சொல்லும்.

சாவியை 10 வினாடிக்கு மேல் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். செல்ஃப் மோட்டார் சூடாகிவிடும். அரை நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள்.

கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியில் சோக் என்ற பிடி இருக்கும். குளிர்ந்த எஞ்சினுக்கு அதை இழுக்க வேண்டும். எஞ்சின் சூடானதும் உள்ளே தள்ளிவிட வேண்டும். பெட்ரோல் வாடை பலமாக வந்தால் உள்ளே பெட்ரோல் அதிகமாகப் போய்விட்டது என்று பொருள். சில நிமிடம் பொறுங்கள். பிறகு சோக்கைப் போடாமல், ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தபடி சாவியைத் திருப்புங்கள். மிதித்து மிதித்து விடாதீர்கள்.

2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு வந்த பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை. அவற்றிலும் ஒரு சத்தம் உண்டு. சாவியை 'ஆன்' செய்ததும் பின்பக்கமிருந்து 'ம்ம்ம்' என்று இரண்டு வினாடி கேட்கும். அது பெட்ரோல் பம்ப். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் ஃபியூஸைப் பாருங்கள். போன ஃபியூஸுக்கு அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். கம்பியைச் சுற்றி வைத்தால் வண்டியே தீப்பிடிக்கலாம்.

மும்பை போன்ற ஊர்களில் மழைக்காலத்தில் பிளக் வயர்கள் ஈரத்தில் நனையும். தீப்பொறி ஈரத்தின் வழியாக வேறு பக்கம் ஓடிவிடும். எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். வயர்களை உலர்ந்த துணியால் துடையுங்கள். ஒரு வயரைக் கழற்றித் துடைத்து மாட்டியபிறகே அடுத்ததைக் கழற்றுங்கள். இடம் மாறிப் போனால் வண்டி கிளம்பாது. எஞ்சின் ஓடும்போது அந்த வயரைத் தொடவே கூடாது. அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் ஓடுகிறது.

எஞ்சின் ஆறியபின் பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம். நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. கறுப்புக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது காற்று ஃபில்டர் அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பசை இருந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. அது பெரிய வேலை. மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

வாரம் ஒரு நாள்

பயணத்துக்கு முன், எஞ்சின் ஆறியிருக்கும்போது பானட்டைத் திறங்கள். ஆயில் கம்பியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். ரேடியேட்டர் தண்ணீரைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும். ஃபேன் பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் டைனமோவைச் சுற்றுவது அந்த பெல்ட்தான். புதுப் பேட்டரி போட்டும் மறுபடி மறுபடி இறங்கினால் குற்றம் பேட்டரியில் இல்லை. டைனமோவைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

வண்டியில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். ஆயில் மாற்றிய தேதி, அன்றைய கிலோமீட்டர், பேட்டரி வாங்கிய மாதம், மாற்றிய பொருளின் பெயர், கொடுத்த காசு எல்லாவற்றையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள். மாற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மெக்கானிக்கிடம் போகும்போது 'வண்டி ஓடவில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'விளக்கு நன்றாக எரிகிறது, ஒரு டக் சத்தம் மட்டும் வருகிறது, பேட்டரி வாங்கி 8 மாதம்தான் ஆகிறது' என்று சொல்லுங்கள். அதன் பிறகு 'பேட்டரியை மாற்று' என்று யாரும் உங்களிடம் எளிதில் சொல்ல மாட்டார்கள்.