பொருளாதாரத்தைத் தாமே படிக்கலாம். தேர்வு எழுத இடம் கிடைக்குமா?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர், பொருளாதார வகுப்பில் ஒரு நாள்கூட அமராமல், கல்லூரித் தரத்திலான பொருளாதாரத் தேர்வை எழுத முடியும். ஏ.பி. எனப்படும் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்ட் அமைப்பு, அந்தப் பாடத்தை வகுப்பில் படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதில்லை. பொருளாதாரம் கற்பிக்கப்படாத பள்ளிகளில் பயில்வோருக்கு இது முக்கியமான வாய்ப்பு.

தேர்வு முடிவுகள் 1 முதல் 5 வரையான புள்ளிகளில் தரப்படுகின்றன. இல்லினாய் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்கள் 3 புள்ளி பெற்றவருக்கே பாடமதிப்பு வழங்க வேண்டும் என்று 2015இல் சட்டம் இயற்றப்பட்டது. பாடமதிப்பு கிடைத்தால், கல்லூரியில் அதே பாடத்துக்கு மீண்டும் பணம் கட்ட வேண்டியிருக்காது. ஆனால் இடம் கிடைப்பது அரிதான பல்கலைக்கழகங்கள் பலவும் 4 அல்லது 5 கேட்கின்றன. சில எதையும் ஏற்பதில்லை.

நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தை ஆராயும் பேரியல், நிறுவனங்களையும் நுகர்வோரையும் ஆராயும் நுண்ணியல் என இரண்டு தனித்தனித் தேர்வுகள் உண்டு. ஒவ்வொன்றும் கல்லூரியின் ஒரு பருவப் பாடத்துக்கு நிகரானது. ஆய்வுக்கூடம் தேவையில்லை, எளிய கணக்கே போதும். ஆகவே தாமே படிப்பதற்கு ஏற்ற பாடம் எனப் பெயர் பெற்றிருப்பதில் வியப்பில்லை.

சிக்கல் வரைபடத்தில் தொடங்குகிறது. 70 நிமிடங்களில் விடையளிக்க வேண்டிய 60 தெரிவு வினாக்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு மதிப்பு. எஞ்சிய பங்கு, விளக்கமாக எழுத வேண்டிய மூன்று வினாக்களுக்கு உரியது. 2025 முதல் வினாக்கள் திரையில் தோன்றினாலும், இந்த மூன்றுக்கும் விடையைத் தாளில் கையால்தான் எழுதி வரைய வேண்டும். மொத்தத் தேவையைக் காட்டும் வரைபடத்தின் அச்சில் 'விலைவாசி மட்டம்' என்பதற்குப் பதிலாக வெறுமனே 'விலை' என்று குறித்தால் புள்ளி போய்விடும். கடந்த ஆண்டுகளின் வினாக்களும் மதிப்பீட்டுக் குறிப்புகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எனினும் தம் தாளைத் தாமே திருத்துபவருக்கு இத்தகைய பிழை கண்ணில் படுவது கடினம்.

பழைய புத்தகம் இன்னொரு பொறி. வங்கிகள் தம் வைப்புத் தொகையில் 10 சதவீதத்தைக் கையிருப்பாக வைக்கவேண்டும் எனில், வங்கிமுறைக்குள் புதிதாக வரும் கையிருப்பு கடன்கள் வழியாக அதிகபட்சம் பத்து மடங்கு பணமாகப் பெருகலாம் என்று அது சொல்லிக்கொடுக்கும். ஆனால் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ், 2020 மார்ச்சில் கட்டாயக் கையிருப்பு விகிதத்தைப் பூஜ்யமாக்கியது. பழைய வாய்பாட்டில் பூஜ்யத்தை இட்டால் பணம் எல்லையின்றிப் பெருகவேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை. 2008 நிதி நெருக்கடிக்குப் பின் வங்கிகளிடம் கையிருப்பு மிதமிஞ்சிச் சேர்ந்ததால், அதற்குத் தான் கொடுக்கும் வட்டியை உயர்த்தியும் குறைத்துமே ஃபெடரல் ரிசர்வ் சந்தை வட்டி விகிதத்தை வழிநடத்துகிறது. ஏ.பி. பாடத்திட்டத்தில் இம்முறை 2022-23 கல்வியாண்டில்தான் சேர்க்கப்பட்டது. கையிருப்பு குறைவாக உள்ள வங்கிமுறைக்கான பழைய விளக்கமும் நீக்கப்படவில்லை. எனவே எந்தச் சூழலுக்கு எந்த முறை என்று பிரித்தறிய வேண்டும். அதற்கு முன் அச்சான, மலிவு விலையில் கிடைக்கும் வழிகாட்டி நூல்கள் இதற்கு உதவா.

இவையெல்லாம் படிப்பவரின் முயற்சியால் தாண்டக்கூடிய தடைகள். தேர்வெழுதும் இடம் அவ்வாறானதல்ல.

இலங்கையில் உயர்தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றுபவர், பரீட்சைத் திணைக்களத்துக்கு நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். ஏ.பி. தேர்வுக்கு ஏதேனும் ஒரு பள்ளி முன்வந்து பதிவுசெய்ய வேண்டும். வெளி மாணவரை ஏற்கவேண்டிய கட்டாயம் எந்தப் பள்ளிக்கும் இல்லை. தான் கற்பிக்காத பாடத்தின் தேர்வைத் தன் மாணவருக்கே நடத்த மறுக்கும் பள்ளியும் உண்டு. வினாத்தாளை வரவழைப்பதும் கண்காணிப்பாளரை அமர்த்துவதும் பள்ளியின் பொறுப்பு என்பதால் அந்தத் தயக்கம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் பாடமே இல்லாத பள்ளியில் பயிலும் மாணவர்தான் இதனால் இரண்டாம் முறையும் பாதிக்கப்படுகிறார்.

2025இல் அமெரிக்காவில் ஒரு தேர்வுக்கான அடிப்படைக் கட்டணம் 99 டாலர். தேர்வு மே மாதத்தில்தான் என்றாலும், 2019-20 கல்வியாண்டு முதல் பதிவுக்கான வழக்கமான கெடு நவம்பர் மாதத்திலேயே முடிந்துவிடுகிறது. குளிர்கால விடுமுறையில் நூலைக் கையில் எடுத்து, பிறகு தேர்வு எழுத முடிவுசெய்பவர், அந்த வழக்கமான கெடுவை ஏற்கனவே தவறவிட்டிருப்பார்.