புயல், மரணம், விபத்து: செமஸ்டர் தேர்வு எழுத முடியாமல் போனால் யாரிடம், எப்படி விண்ணப்பிப்பது?

பருவமழையும் செமஸ்டர் தேர்வும் சேர்ந்தே வரும் ஊர் காரைக்கால். 2008 நவம்பர் 27-ல் நிஷா புயல் காரைக்கால் அருகே கரையைக் கடந்தது. 2018 நவம்பர் 16-ல் கஜா வந்தது. 2020 நவம்பர் 25 நள்ளிரவில் நிவர், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல். எல்லாமே நவம்பர். கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வுகளும் அவற்றுக்கான ஏற்பாடுகளும் நடக்கிற நேரம்.

புயல் என்றால் எல்லோருக்கும் சேர்த்துத் தேர்வைத் தள்ளிவைப்பார்கள். ஆனால் கோவில்பத்தில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் துக்கம் என்றால்? தேர்வுக்கு முந்தின நாள் அப்பா இறந்துபோகிறார், மகன்தான் கொள்ளி வைக்கணும் என்றால்? அந்த ஒரு மாணவருக்காகத் தேர்வு நிற்காது. அவர் பெயருக்கு நேராக 'ஆப்சென்ட்' என்று விழும். சினிமாவுக்குப் போனதால் தேர்வுக்கு வராதவருக்கும் அதே 'ஆப்சென்ட்'தான்.

இந்த இரண்டு பேருக்கும் வித்தியாசம் காட்டக்கூடியது ஒரே ஒரு விஷயம்: சரியான நேரத்தில், சரியான இடத்தில் கொடுத்த ஒரு கடிதம். அதை எப்படிக் கொடுப்பது என்று பார்க்கலாம்.

இதற்கென்று தனி விண்ணப்பப் படிவம் இருக்கிறதா?

ஆஸ்திரேலியா, பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. நோய், மரணம், விபத்து போன்ற காரணங்களால் தேர்வு பாதிக்கப்பட்டால் இணையத்தில் ஒரே படிவத்தை நிரப்பினால் போதும். ஆனால் கெடு கறாரானது. சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் தேர்வு முடிந்து 3 வேலை நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைகள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

நம் கல்லூரிகளில் அப்படி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே படிவம் கிடையாது. வருகைப் பதிவுக்கு ஒரு விதி, இன்டர்னல் தேர்வுக்கு ஒரு வழி, செமஸ்டர் தேர்வுக்கு இன்னொரு வழி என்று பிரிந்து கிடக்கிறது. அதனால்தான் பலரும் 'நமக்கு எதுவும் இல்லை' என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

மாவட்டத்துக்கு லீவு விட்டால் தேர்வும் தள்ளிப்போகுமா?

தானாகத் தள்ளிப்போகாது. காரைக்காலில் பலரும் குழம்புவது இங்கேதான்.

அறிஞர் அண்ணா அரசு கலை அறிவியல் கல்லூரி, அவ்வையார் அரசு மகளிர் கல்லூரி போன்றவை புதுவைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள். செமஸ்டர் தேர்வை நடத்துவது காலாப்பட்டில் இருக்கும் பல்கலைக்கழகம். புதுச்சேரி இங்கிருந்து சுமார் 130 கி.மீ. வடக்கே. அதே பல்கலைக்கழகத்தின் கீழ் கேரளக் கரையில் மாஹே இருக்கிறது, ஆந்திரத்தில் ஏனாம் இருக்கிறது. காரைக்காலில் மழை கொட்டும்போது மாஹேயில் வெயில் அடிக்கலாம்.

எனவே லீவு அறிவிப்பு வேறு, தேர்வு ஒத்திவைப்பு வேறு. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் அறிவிப்பு வந்தால்தான் தேர்வு தள்ளிப்போனதாக அர்த்தம். வாட்ஸ்அப்பில் வரும் பழைய சுற்றறிக்கையை நம்பாமல், பல்கலைக்கழக இணையதளத்தில் தேதியைப் பாருங்கள். என்ஐடி போலத் தனியாகத் தேர்வு நடத்தும் நிறுவனங்களில் அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்புதான் கணக்கு.

இன்னொரு சிக்கலும் உண்டு. காரைக்காலைச் சுற்றி இருப்பது தமிழ்நாட்டின் நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள். நாகையில் லீவு, காரைக்காலில் லீவு இல்லை என்ற நாளில், நாகூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவி என்ன செய்வார்? அவர் ஊரின் லீவு அவருடைய தேர்வைக் காப்பாற்றாது. வழியில் தண்ணீர் நின்று பஸ் ஓடவில்லை என்றால், அன்றைக்கே கல்லூரிக்குத் தகவல் சொல்லி, எழுத்தில் தனியாகக் கேட்க வேண்டும்.

எந்தப் பிரச்னைக்கு எங்கே போவது?

இன்டர்னல் தேர்வு, அசைன்மென்ட்: இதுதான் இருப்பதிலேயே எளிது. பாட ஆசிரியர், துறைத் தலைவர் மட்டத்திலேயே மறுதேர்வோ கூடுதல் அவகாசமோ கேட்கலாம். ஆனால் இன்டர்னல் மதிப்பெண்களைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டால் மாற்றுவது கஷ்டம். அதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

செய்முறைத் தேர்வு: பெரும்பாலும் பேட்ச் பேட்ச்சாக நடக்கும். உங்கள் நாளில் வர முடியாவிட்டால் அடுத்த பேட்ச்சில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். வெளித் தேர்வாளர் ஊரை விட்டுக் கிளம்பிய பிறகு கேட்டால் பலன் இருக்காது.

வருகைப் பதிவு: பொதுவாக 75 சதவீதம் வேண்டும். உடல்நலக் குறைவுக்கு ஒரு எல்லை வரை தளர்வு தரும் விதி பல பல்கலைக்கழகங்களில் உண்டு. உதாரணமாக, அண்ணா பல்கலைக்கழக விதிகளில் மருத்துவக் காரணம் இருந்தால் 65 சதவீதம் வரை தளர்வு இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகத்தின் எல்லை என்ன என்பதை விதிப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஹால் டிக்கெட் நிறுத்திவைத்த பிறகு ஓடுவதைவிட, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரமே சான்றிதழைக் கொடுப்பது நல்லது.

கர்ப்பம், பிரசவம்: மாணவிகளுக்கு மகப்பேறு விடுப்பு, வருகைத் தளர்வு, தேர்வு விண்ணப்பத் தேதியில் சலுகை ஆகியவற்றுக்கு விதி வகுக்கச் சொல்லி 2021 டிசம்பர் 14-ல் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும் கடிதம் அனுப்பியது. பிஎச்.டி. மாணவிகளுக்கு 240 நாள் வரை விடுப்பு உண்டு. கேட்கும்போது இந்தக் கடிதத்தின் தேதியைக் குறிப்பிடுங்கள்.

மாற்றுத்திறனாளிகள்: 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு, உதவி எழுத்தாளரும் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரமும் 2018-ம் ஆண்டு மத்திய அரசு வழிகாட்டுதலில் உள்ளன. 40 சதவீதத்துக்குக் குறைவு என்பதாலேயே மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் சொன்னது. அதைத் தொடர்ந்து, எழுதுவதில் சிரமம் உள்ள அவர்களுக்காக 2022 ஆகஸ்டில் தனி வழிகாட்டுதல் வந்தது. இது சலுகை அல்ல, உரிமை.

செமஸ்டர் எழுத்துத் தேர்வு: இதுதான் கஷ்டமானது. எல்லாக் கல்லூரிக்கும் ஒரே கேள்வித்தாள். ஒருவருக்காக மட்டும் புதிய கேள்வித்தாள் தயாரித்து, தனியாகத் தேர்வு நடத்துவது அரிது. பெரும்பாலும் 'அடுத்த முறை எழுதிக்கோங்க' என்பதுதான் பதில்.

அப்படியென்றால் கடிதம் எதற்கு?

மூன்று காரணங்கள் இருக்கின்றன. முதலாவது, சிறப்புத் தேர்வோ துணைத் தேர்வோ நடத்தும் முடிவு எடுக்கும்போது, எத்தனை பேர் உண்மையான காரணத்தால் எழுதவில்லை என்பதற்குக் கோப்பில் ஆதாரம் இருக்கும்.

இரண்டாவது, அடுத்த முறை எழுதும்போது கட்டண விலக்கோ, அதை முதல் முயற்சியாகக் கருதுவதோ விதியில் இருந்தால் அதைக் கேட்க முடியும். கேம்பஸ் இன்டர்வியூவில் 'அரியர் இருக்கா?' என்று கேட்பவரிடம் காட்டவும் ஒரு தாள் இருக்கும்.

மூன்றாவது, மேல்முறையீடு. கடிதமே கொடுக்காதவருக்கு மறுப்பும் இல்லை. மறுப்பு இல்லாவிட்டால் மேலே போகவும் வழியில்லை.

கொரோனா காலத்தில் என்ன முடிவானது?

2020 ஜூலை 6-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இறுதி செமஸ்டர் தேர்வை செப்டம்பர் இறுதிக்குள் நடத்த வேண்டும் என்றது யுஜிசி. அதிலேயே, என்ன காரணத்தாலாவது எழுத முடியாமல் போனவர்களுக்குச் சிறப்புத் தேர்வு வாய்ப்பு தர வேண்டும் என்றும் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2020 ஆகஸ்ட் 28 தீர்ப்பில், பேரிடரைக் காரணம் காட்டி மாநிலங்கள் தேர்வைத் தள்ளிவைக்கலாம், ஆனால் இறுதித் தேர்வே இல்லாமல் பட்டம் கொடுக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது.

அதன் சுருக்கம் இதுதான்: நெருக்கடியைச் சொல்லிக் கேட்கக்கூடியது இன்னொரு வாய்ப்பு. கூடுதல் மதிப்பெண் அல்ல. கடிதத்தில் 'பாஸ் போட்டுத் தாருங்கள்' என்று எழுதினால் கோரிக்கையே பலவீனமாகிவிடும்.

என்னென்ன சான்று வைக்கணும்?

மரணம்: இறப்புச் சான்றிதழ். நகராட்சியிலோ கொம்யூன் பஞ்சாயத்திலோ 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். சான்றிதழ் கைக்கு வரும்வரை காத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரி கொடுத்த தாளை வைத்துக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, 'சான்றிதழ் பின்னர் சமர்ப்பிக்கப்படும்' என்று எழுதுங்கள்.

நோய், விபத்து: டிஸ்சார்ஜ் சம்மரி, ஓ.பி. சீட்டு, காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் ரசீது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை தேர்வு எழுதும் நிலையில் இல்லை என்று மருத்துவர் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். வெறும் 'ஓய்வு தேவை' போதாது.

மனநலம்: இதுவும் மருத்துவக் காரணம்தான். நோயின் முழு விவரம் வேண்டாம், தேதிகளை மட்டும் குறிப்பிட்டுச் சான்று தாருங்கள் என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

வெள்ளம்: தண்ணீர் சூழ்ந்த வீட்டின் தேதியுள்ள புகைப்படம், முகாமில் தங்கியிருந்தால் வருவாய்த் துறைச் சான்று.

கடல்: காரைக்காலில் இதைத் தனியாகச் சொல்லியே ஆகணும். இங்கிருந்து கடலுக்குப் போன 13 மீனவர்கள் 2025 ஜனவரி 28-ல் நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டபோது, துப்பாக்கிச் சூட்டில் காயமும் ஏற்பட்டது. அப்படி ஒரு நாளில் அந்த வீட்டுப் பிள்ளை தேர்வு எழுதப் போக முடியுமா? கைதான அப்பாவுக்காக மீன்வளத் துறையிலோ மாவட்ட நிர்வாகத்திலோ கொடுத்த மனுவின் நகல் ஒரு சான்றுதான்.

கடிதம் எப்படி எழுதுவது?

ஒரு பக்கம் போதும். பெறுநர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். கல்லூரி முதல்வர் வழியாக அனுப்புங்கள். மாதிரி:

"பதிவு எண், பாடப்பிரிவு, செமஸ்டர்.
பொருள்: எழுத முடியாமல் போன தேர்வுக்கு மீண்டும் வாய்ப்பு கோருதல்.
என் தந்தை இந்தத் தேதியில் காலமானார். இறுதிச் சடங்கு காரணமாக இந்தத் தேதியில் நடந்த இந்தப் பாடத் தேர்வை எழுத இயலவில்லை. மற்ற தேர்வுகளை எழுதியுள்ளேன். சிறப்புத் தேர்வு நடத்தப்பட்டால் என்னையும் அதில் சேர்க்கவும், இல்லையெனில் அடுத்த தேர்வில் இதை முதல் முயற்சியாகக் கருதவும் கேட்டுக்கொள்கிறேன். சான்றுகளை இணைத்துள்ளேன்."

இரண்டு நகல் எடுங்கள். ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். 'சார்கிட்ட வாயால சொல்லிட்டேன்' என்பது கோப்பில் ஏறாது. துக்க வீட்டில் மாணவரால் முடியாவிட்டால் மாமாவோ சித்தப்பாவோ கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

தேர்வுக்கு முன்பே தெரிந்த காரணம் என்றால் முன்பே கொடுங்கள். திடீர் என்றால் இரண்டு மூன்று நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு கொடுத்தால், மார்க் குறைந்ததால் கேட்பதாகத்தான் நினைப்பார்கள். தேர்வு அறையிலேயே உடம்பு முடியாமல் போனால், அறைக் கண்காணிப்பாளரிடம் சொல்லி அதைப் பதிவு செய்யச் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

பதிலே வரவில்லை, அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால்?

யுஜிசி 2023 ஏப்ரலில் மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளைக் கொண்டுவந்தது. அதன்படி ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். புகார் கிடைத்த 15 வேலை நாட்களுக்குள் குழு தன் பரிந்துரையைத் தருவது முறை. அந்த முடிவில் திருப்தி இல்லை என்றால், 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 30 நாட்களுக்குள் தீர்க்க முயற்சி எடுக்க வேண்டும். வெறும் விடைத்தாள் மறுமதிப்பீட்டுக் கோரிக்கையை அவர் எடுக்க மாட்டார்.

கடிதம் எந்த மேஜையில் கிடக்கிறது என்றே தெரியவில்லையா? 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். நீதிமன்றம்வரை போக வேண்டி வந்தால், பெண்கள், பட்டியல் சமூகத்தினர், மாற்றுத்திறனாளிகள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச சட்ட உதவி உண்டு.

இப்போதே செய்யக்கூடியது என்ன?

உங்கள் பல்கலைக்கழகத்தின் தேர்வு விதிப்புத்தகத்தை ஒருமுறை போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். துறைத் தலைவர், கல்லூரி அலுவலகம், தேர்வுப் பிரிவு ஆகியவற்றின் எண்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்து வையுங்கள். கரன்ட் போய், போனில் சார்ஜ் இல்லாத நாளில்தான் அது தேவைப்படும்.

ஒரு தேர்வு போனதால் மனசு உடைந்துபோனால், யாரிடமாவது பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. எந்த நேரமும், கட்டணம் இல்லாமல், தமிழிலேயே பேசலாம்.