ஓடுது, ஆனா மாத்தணுமா? ரிச்சி தெருவில் தீராத கேள்வி!

சென்னை, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. பழைய கம்ப்யூட்டரை தூக்கி வருபவர்களுக்கு ஒரே கவலைதான்: ரிப்பேர் பண்ணலாமா, புதுசு வாங்கணுமா?

ஆமை வேகமா? அவசரம் வேண்டாம். ஹார்டு டிஸ்க்கை கழற்றி எஸ்.எஸ்.டி. மாட்டினால், பல மெஷின்கள் மறுபடி சுறுசுறுப்பாகிவிடும்.

பூட்டு இல்லாத வீடு

'விண்டோஸ் 10' விவகாரம் வேறு. 2015-ல் வந்த அதற்கு வழக்கமான இலவச பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு நின்றுவிட்டது. மெஷின் ஓடும், திருடன் புதுவழியில் வந்தால் அடைக்க ஆள் இல்லை. 'விண்டோஸ் 11' போட டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதியும், அதற்கேற்ற பிராசசரும் வேண்டும். இல்லாத மெஷினில் கடைக் கணக்கு, பேங்க் வேலை பார்ப்பது ஆபத்து. அதை மாற்றத்தான் வேண்டும்!

எதற்கும் முதலில் கணக்கை வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்து வையுங்கள். மெஷின் போனால் வாங்கலாம். கணக்கு போனால்?