பிழை பூஜ்யம் என்றால் வரைபடம் சரி என்று அர்த்தமா?

2026 மார்ச் 1 என்ற தேதியைச் சொல்லி ஓசூர் பக்கமிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைக் கேட்கின்றன: அன்றோடு ஆர்க்மேப் என்ற வரைபட மென்பொருள் நின்றுவிடுமா? நிற்காது. கணினியில் இருப்பது ஓடும். எஸ்ரி நிறுவனத்தின் ஆதரவும் பாதுகாப்புத் திருத்தங்களும்தான் முடிகின்றன. சிக்கல் வேறிடத்தில். மின்கம்பி, குடிநீர்க் குழாய் இணைப்புகளைப் பதிந்துவைக்கும் ஜியோமெட்ரிக் நெட்வொர்க்கை ஆர்க்மேப்பில் மட்டுமே திருத்த முடியும். அதன் இடத்துக்கு வந்த ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோவில் பார்க்கலாம், அவ்வளவுதான். ஆகவே 2018-இல் வந்த யூட்டிலிட்டி நெட்வொர்க்குக்கு மாறியாக வேண்டும். விற்பவர்கள் இதை 'அப்கிரேடு' என்கிறார்கள். எனக்கென்னவோ இது தணிக்கையாகத்தான் தெரிகிறது.

சிப்காட் தொழிற்பேட்டை ஓரத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கோப்பில் அது வெறும் புள்ளி. 11 கே.வி. கோடு வந்து தொடும், எல்.டி. (தாழ்வழுத்த) கோடு கிளம்பிப் போகும், தொட்டால் இணைப்பு. புதியதில் டிரான்ஸ்பார்மருக்கு இரண்டு முனைகள் உண்டு. எந்தக் கம்பி எந்த முனையில் என்று சொல்ல வேண்டும், அப்படிச் சேரலாம் என்று விதியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிழை. பழைய கோப்பில் இந்தத் தகவலே கிடையாது. மாற்றும்போது வோல்டேஜ் கட்டத்தைப் பார்த்து ஊகிக்கிறார்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் ஊகத்துக்கும் வழியில்லை.

இன்னும் சுவாரஸ்யமானது ஏ.பி. (ஏர் பிரேக்) சுவிட்ச். இரண்டு ஃபீடர்கள் (துணைமின் நிலையத்திலிருந்து கிளம்பும் மின்பாதைகள்) சந்திக்கும் இடத்தில் இது வழக்கமாகத் திறந்தே இருக்கும். ஒரு பக்கம் சப்ளை போனால் மறுபக்கத்திலிருந்து கொடுக்க மூடுவார்கள். பழைய கோப்பில் இதை 'மூடியது' என்று தவறாகப் பதிந்திருந்தாலும் யாருக்கும் தெரியாமல் போக வழியிருந்தது. ஃபீடர் பெயரை நுகர்வோர் பதிவில் யாரோ தட்டச்சு செய்திருப்பார்கள், அதுவே வேதம். புதிய மென்பொருள் அதை நம்புவதில்லை. துணைமின் நிலையத்து பிரேக்கரில் தொடங்கி, கம்பி கம்பியாகப் பின்தொடர்ந்து ஃபீடர் பெயரைத் தானே எழுதுகிறது. ஒரே கம்பிக்கு இரண்டு பிரேக்கர்களிலிருந்து வழி கிடைத்தால் பிழை காட்டி நின்றுவிடும். கெட்டிக்காரத்தனம்தான்.

பிழையை நீக்க இரண்டு வழிகள். ஒருவர் கம்பத்தடிக்குப் போய்ப் பார்க்கலாம். அல்லது அலுவலக நாற்காலியில் இருந்தபடியே 'மூடியது' என்பதைத் 'திறந்தது' என்று மாற்றலாம். இரண்டிலும் பிழை எண்ணிக்கை பூஜ்யமாகும். முன்னேற்ற அறிக்கைக்கு வித்தியாசம் தெரியாது. எல்.சி. (மின்சாரம் நிறுத்தப்பட்டதற்கான 'லைன் கிளியர்' அனுமதி) வாங்கிக் கம்பம் ஏறும் லைன்மேனுக்குத் தெரியும். எர்த் போட்ட பிறகே கை வைக்க வேண்டும் என்ற விதி இருப்பது, இப்படிப்பட்ட காகிதங்களை நம்ப முடியாது என்பதாலும்தான்.

பணக் கணக்கும் இதில் இருக்கிறது. மத்திய அரசு 2008-இல் தொடங்கிய ஆர்-ஏ.பி.டி.ஆர்.பி. திட்டம் நகரங்களின் மின்கட்டமைப்பை ஜிஐஎஸ்ஸில் ஏற்றி, ஒவ்வொரு நுகர்வோரையும் அவரவர் ஃபீடரோடு பொருத்தச் சொன்னது; மின் இழப்பை 15 சதவீதத்துக்குக் கொண்டுவருவது இலக்கு. தொழிற்சாலை ஒன்று பக்கத்து ஃபீடரில் பதிவாகியிருந்தால், ஒன்றில் திருட்டு நடப்பதுபோலவும் மற்றதில் அதிசயம் நடப்பதுபோலவும் கணக்கு காட்டும். 'நூறு சதவீதம் மேப்பிங் முடிந்தது' என்று யாராவது சொன்னால், வரைந்து முடித்ததையா, பின்தொடர்ந்து சரிபார்த்ததையா சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

மற்ற கேள்விகள்.

பழைய கோப்பை அழிக்கலாமா? ஃபீடர் வாரியாக ஒப்பிட்டு முடிக்கும்வரை வேண்டாம்.

ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளியையும் சேர்க்கலாமா? அது கர்நாடக மின் நிறுவனமான பெஸ்காமின் எல்லை. அவர்கள் தரவு, அவர்கள் முடிவு.

குடிநீர்க் குழாய்க்கும் இதே விதியா? இணைப்பு விதிகளைப் பொறுத்தவரை ஆம், சுவிட்ச் இருந்த இடத்தில் வால்வு.

ஓசூரும் கிருஷ்ணகிரியும் ஒரே நெட்வொர்க்கில் வருமா? வரும், ஆனால் 78 டிகிரி தீர்க்கரேகை சூளகிரிப் பக்கமாகப் போவதால், யூ.டி.எம். முறையில் ஓசூர் 43-ஆம் மண்டலம், கிருஷ்ணகிரி 44. இரண்டையும் முதலில் ஒரே ஆயமுறைக்குக் கொண்டுவாருங்கள். மண்டலத்தை மாற்றிப் போட்டால் ஓசூர் சுமார் 650 கிலோமீட்டர் தள்ளி வங்கக் கடலில் இருக்கும்.