உங்களுக்குத் தெரியுமா? ஒரு லைக்குக்கு 50 ரூபாயாம்!

யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டால் 50 ரூபாய் என்று டெலிகிராமில் ஆஃபர் வந்ததா? கொஞ்சம் கணக்குப் போடுங்கள். ஒரு லட்சம் லைக் வாங்கிய பாட்டுக்கு, லைக் செலவு மட்டுமே 50 லட்சம் ரூபாய்! எந்தத் தயாரிப்பாளர் தருவார்?

காசு கொடுத்து லைக் வாங்குவதை யூடியூப்பே தடை செய்திருக்கிறது. கூகுள் மேப்ஸில் கூலிக்கு ஸ்டார் போடுவதும் அப்படியே. ஆக, அந்த வேலை நிஜமாகவே இருந்தாலும் கள்ள வேலைதான்!

முதல் நாள் பணம் வருமா? வரும்! 150, 300 என்று சுளையாக உங்கள் கணக்கில் விழும். அது தூண்டில் புழு. அடுத்தது ‘ப்ரீபெய்ட் டாஸ்க்’. 1,000 கட்டினால் 1,300. அதுவும் வந்துவிடும்! பிறகு 5,000, 30,000 என்று ஏறும். இப்போது பணம் கைக்கு வராது. ஏதோ ஒரு வெப்சைட்டில் ‘உங்கள் பேலன்ஸ்’ என்று பச்சை எழுத்தில் மின்னும். எடுக்கப் போனால் ‘டாக்ஸ் கட்டுங்க’ என்பார்கள். கட்டினால் ‘மூணாவது டாஸ்க்ல தப்பு பண்ணிட்டீங்க, மத்தவங்க பணமும் உங்களால மாட்டிக்கிச்சு’ என்பார்கள். அந்த பேலன்ஸ் வெறும் எழுத்து. நினைத்தால் அதை ஒரு கோடி என்றும் காட்டுவார்கள்!

‘எனக்கு 18,000 வந்துடுச்சு மேடம், ரொம்ப தேங்க்ஸ்!’ என்று அந்த டெலிகிராம் குழுவில் ஸ்கிரீன்ஷாட் போடுகிறார்களே, அவர்களும் கும்பலின் ஆட்களே! நிஜமான ஆள் நீங்கள் ஒருவர் மட்டும்தானோ என்னவோ!

நிஜமான கம்பெனி, சம்பளத்தில் வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். ‘வரியை முதலில் நீ அனுப்பு, அப்புறம் சம்பளம்’ என்று சொன்னால் அது கம்பெனியே கிடையாது!

அமெரிக்காவின் நுகர்வோர் காப்பு அமைப்பான எஃப்.டி.சி.க்கு இந்த ‘டாஸ்க்’ மோசடி பற்றி 2020-ல் வந்த புகார்கள் பூஜ்யம். 2023-ல் சுமார் 5,000. 2024-ல் முதல் ஆறே மாதத்தில் சுமார் 20,000!

நம் ஊரில்? 2023 டிசம்பரில் உள்துறை அமைச்சகத்தின் பரிந்துரையில் ஒரே மூச்சில் முடக்கப்பட்ட மோசடி வெப்சைட்டுகள் 100-க்கும் மேல்! ஓய்வு பெற்றவர்கள், பெண்கள், வேலை தேடும் இளைஞர்கள்... இவர்களுக்குத்தான் குறி என்று அரசே சொன்னது.

2025-ன் முதல் ஆறு மாதத்தில், மோசடி மையங்களோடு தொடர்புள்ளவை என்று வாட்ஸ்அப் தூக்கிய கணக்குகள் 68 லட்சம்!

தேனொழுகப் பேசி டாஸ்க் தரும் அந்த ‘எச்.ஆர். மேடம்’ கூட ஏமாந்து போய்ச் சிக்கியவராக இருக்கலாம்! ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடைத்து வைக்கப்பட்டவர்கள் மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் ஒரு லட்சம் பேர் என்றது ஐ.நா.வின் 2023 அறிக்கை. 2022 அக்டோபரில் மியான்மரின் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கிய தமிழர்கள் 13 பேர். கூட்டிப்போகும்போது சொன்னது, தாய்லாந்தில் ஐ.டி. வேலை!

வேலை மோசடி புதிதல்ல. கவரில் காகிதம் போட்டு ஒட்டினால் காசு! இது அமெரிக்காவில் 1930-களின் பெருமந்தக் காலத்து உருட்டு. முன்பணம் கட்டியவருக்குத் தபாலில் வந்தது என்ன தெரியுமா? ‘இதே விளம்பரத்தை நீங்களும் கொடுங்கள்’ என்ற யோசனை!

இன்று இந்தியாவில் சைபர் மோசடிப் புகார் எண்ணும் அதே 1930! பணம் போனதும் நிமிடக் கணக்கில் அழைத்துவிட வேண்டும். திருட்டுப் பணம் ஐந்தாறு கணக்குகள் தாவுவதற்குள் வங்கியால் அதை நிறுத்தி வைக்க முடியும்!

டேட்டா என்ட்ரி கும்பலின் சாமர்த்தியமே தனி. கலங்கலான படங்களைக் கொடுத்து டைப் அடிக்கச் சொல்வார்கள். நூற்றுக்கு 98 சரியாக இருக்க வேண்டுமாம்! பிசகினால் ‘வக்கீல் நோட்டீஸ்’, ‘கைது’ என்று மிரட்டிப் பணம் கறப்பார்கள். எழுத்துப்பிழைக்காக யாரையும் கைது செய்ய இந்த நாட்டில் சட்டமே இல்லை!

‘25 வருட அனுபவமுள்ள நிறுவனம்’ என்கிறார்களா? அதன் சி.ஐ.என். எண்ணைக் கேளுங்கள். இந்தியாவில் பதிவான ஒவ்வொரு கம்பெனிக்கும் 21 எழுத்தில் ஒன்று உண்டு. அதில் 9 முதல் 12 வரை உள்ள நான்கு இலக்கம், கம்பெனி பதிவான வருடம்! 2024 என்று இருந்தால் குட்டு வெளிப்பட்டது! அதற்கு முந்தைய இரண்டு எழுத்து மாநிலம். ‘டி.என்.’ என்றால் தமிழ்நாடு. அடுத்தவர் எண்ணை ஒட்டிக்கொண்டு வருபவர்களும் உண்டு. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயரைச் சரிபார்க்கச் செலவு, பைசா கிடையாது!

‘வேலை’க்காக ஆதார் ஸ்கேன் அனுப்பியாயிற்றா? அதை வைத்து வேறு யாராவது சிம் வாங்கியிருக்கலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று ‘சஞ்சார் சாத்தி’ தளம் காட்டும். ஒருவருக்கு அனுமதி 9 வரை!

வங்கிக் கணக்கை வாடகைக்குக் கொடுத்தால் கமிஷன் என்பார்கள், கல்லூரிப் பிள்ளைகளைப் பார்த்து. திருட்டுப் பணம் அதில் வந்துபோனால் போலீஸ் முதலில் தட்டுவது கணக்குக்காரர் வீட்டுக் கதவை!

மோசடிக்காரனை இனி ‘ஃபோர் ட்வென்டி’ என்று திட்ட முடியாது. 2024 ஜூலை 1 முதல் ஏமாற்றுக் குற்றத்துக்குப் பழைய 420-க்குப் பதில் புதிய சட்டத்தில் பிரிவு 318. சிறை மட்டும் மாறவில்லை, அதே 7 வருடம் வரை!