48 மணி நேரத்தில் ஒரு சர்ஜன்

2009 ஆகஸ்ட் 1 அன்று பிரிட்டன் மருத்துவமனைகளில் ஒரு விதி அமலுக்கு வந்தது. பயிற்சி மருத்துவர்கள் வாரத்துக்குச் சராசரியாக 48 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் 11 மணி நேரம் தொடர்ந்து ஓய்வு. கேட்பவர்களுக்கு நியாயமாகத்தான் படும். கண் சொருகும் நிலையில் கத்தி பிடிக்கிற டாக்டரிடம் வயிற்றைக் காட்ட யாருக்கு மனம் வரும்? ஆனால் இந்த விதியை உரக்க எதிர்த்தவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் அறுவை சிகிச்சைத் துறையினர். எங்களுக்கு 65 மணி நேரமாவது வேண்டும் என்று இங்கிலாந்தின் ராயல் சர்ஜன்கள் கல்லூரி வெளிப்படையாகவே கேட்டது.

அவர்களின் பதற்றத்துக்கு நூறாண்டுப் பழக்கம் ஒரு காரணம். 1889இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறந்தபோது, அங்கே வில்லியம் ஹால்ஸ்டெட் ஒரு பயிற்சி முறையை வகுத்தார். பயிற்சி பெறுபவர் மருத்துவமனையிலேயே தங்க வேண்டும். இத்தனை வருடத்தில் முடியும் என்ற கணக்கு கிடையாது. ஆசான் போதும் என்று சொல்லும்வரை பயிற்சி தொடரும். உலகம் முழுவதும் பரவியது இந்த முறைதான். மரத்துப்போகச் செய்யும் மருந்தாகக் கொக்கைனைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து அதற்கு அடிமையானவர் ஹால்ஸ்டெட் என்பதை, அந்தக் கால உழைப்பைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

நேரத்துக்குக் கடிவாளம் போடும் பேச்சு அமெரிக்காவில் ஒரு மரணத்தில் தொடங்கியது. 1984 மார்ச்சில் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் காய்ச்சலோடு சேர்க்கப்பட்ட 18 வயது லிபி ஸயான் சில மணி நேரத்தில் இறந்துபோனார். அவரைக் கவனித்தவர்கள் நீண்ட நேர டூட்டியில் இருந்த பயிற்சி மருத்துவர்கள். பத்திரிகையாளரான தந்தை சிட்னி ஸயான் விடாமல் போராடினார். 1989இல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு விதித்தது. 2003இல் அது நாடு முழுவதற்குமானது.

ஐரோப்பாவில் விதி வந்த வாசல் வேறு. 1993இல் அது பிறந்ததே தொழிலாளர் சட்டமாகத்தான். முதலில் விலக்கப்பட்டிருந்த பயிற்சி மருத்துவர்கள் 2000இல் அதற்குள் கொண்டுவரப்பட்டார்கள். பிரிட்டன் 2004இல் 58, 2007இல் 56, கடைசியில் 48 என்று படிப்படியாக இறங்கியது. ஆனால் பெரிய அடி எண்ணிக்கையால் விழவில்லை. ஸ்பெயினிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த இரண்டு வழக்குகளில், 2000இலும் 2003இலும், ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: அழைப்புக்காக மருத்துவமனையில் காத்திருக்கும் டாக்டர் அங்கே படுத்துத் தூங்கினாலும் அது வேலை நேரமே. அதுவரை ஒருவர் இரவு ஆன்-கால் அறையில் கிடைத்த மட்டும் தூங்கி எழுந்து, மறுநாள் காலையில் தன் கன்சல்டன்டோடு, அதாவது மூத்த நிபுணரோடு, ஆபரேஷன் தியேட்டருக்குள் போவார். இனி அது முடியாது. எல்லாம் ஷிஃப்ட் ஆயிற்று.

ஷிஃப்ட் அட்டவணையில் ஒரு வாரத்தைப் பாருங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் டூட்டி. வார்டில் மருந்து எழுதுவது, ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் துரத்துவது, அவசரப் பிரிவில் வயிற்றுவலியோடு வந்தவரைப் பார்ப்பது. பிறகு கட்டாய ஓய்வு. செவ்வாய்க்கிழமை அவருடைய கன்சல்டன்ட் வரிசையாகப் பித்தப்பை அறுவைகள் செய்யும்போது, கற்க வேண்டியவர் வீட்டில் சட்டப்படி தூங்கிக்கொண்டிருக்கிறார். அடுத்த வாரம் வரும்போது வேறு கன்சல்டன்ட், வேறு நோயாளிகள். தான் தையல் போட்ட காயம் ஆறியதா, சீழ் பிடித்ததா என்பதைப் பார்க்கவே வாய்க்காமல் போவதும் உண்டு.

பழைய முறையில் ஒருவர் நிபுணராகும் முன் சுமார் 30,000 மணி நேரம் பயிற்சி பெற்றார். புதிய விதிகளில் அது 6,000 ஆகச் சுருங்கும் என்று 2004இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு கட்டுரை கணக்குப் போட்டது. இந்த எண் அப்போது நிறையவே பேசப்பட்டது. ஆனால் அந்த 30,000இல் எவ்வளவு நேரம் கத்தியோடு கழிந்தது, எவ்வளவு நேரம் காகிதத்தோடு கழிந்தது என்பதை அது சொல்லவில்லை.

அதைச் சொல்வது லாக்புக். பிரிட்டனில் ஒவ்வொரு பயிற்சி சர்ஜனும் தான் கலந்துகொண்ட அறுவை ஒவ்வொன்றையும் மின்பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பெயர் மட்டும் போதாது. தன் பங்கையும் குறிக்க வேண்டும். உதவி மட்டும் செய்தாரா? தானே செய்ய, ஆசான் கையுறை போட்டு எதிரில் நின்றாரா? ஆசான் கையுறை போடாமல் தியேட்டரில் இருந்தாரா? யாருமில்லாமல் செய்தாரா? ஒரே குடலிறக்க அறுவை நான்கு விதமாகப் பதிவாகலாம். உதவியாளர் நிலையிலிருந்து இரண்டாவது நிலைக்கு ஏறுவதுதான் கடினம். ஆசான் கத்தியைக் கைமாற்றினால் அறுவைக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். காத்திருப்போர் பட்டியலைக் குறைக்கச் சொல்லும் நிர்வாகத்துக்கு அந்த நேரம் வீணாகத் தெரியும்.

அரசு கேட்டு சர் ஜான் டெம்பிள் 2010இல் அளித்த அறிக்கை பிரச்சினையைச் சரியாகத் தொட்டது. 48 மணி நேரத்துக்குள் நல்ல பயிற்சி தர முடியும் என்றார் அவர். ஆனால் இரவு நேர வேலையின் பாரத்தைப் பயிற்சியாளர் தலையில் வைத்து, மேற்பார்வையும் இல்லாமல் விட்டால் முடியாது. விதி மணிகளைக் குறைக்கச் சொன்னது. எந்த மணிகளை என்று சொல்லவில்லை. ஆட்கள் போதாத மருத்துவமனைகள் இரவு வார்டைக் காப்பாற்றிக்கொண்டு பகல் தியேட்டரைப் பலிகொடுத்தன.

இழந்ததைப் பாதியாவது மீட்க, தியேட்டருக்கு வெளியே பயிற்சி வந்தது. சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவைக்கான பயிற்சிப் பெட்டிக்குள் இரண்டு நீண்ட இடுக்கிகள். திரையைப் பார்த்தபடி சின்ன ரப்பர் வளையங்களை ஒரு முளையிலிருந்து எடுத்து, மறு கைக்கு மாற்றி, எதிர்ப்பக்க முளையில் மாட்ட வேண்டும். 2002இல் யேல் பல்கலைக்கழகத்தில் 16 பேரை வைத்து நடந்த ஆய்வில், கணினித் திரையில் பழகியவர்கள், பழகாதவர்களைவிடப் பித்தப்பையைப் பிரித்தெடுக்க 29 சதவீதம் குறைவான நேரமே எடுத்துக்கொண்டார்கள். கைப்பழக்கம் இப்படி வரும். எங்கே நிறுத்த வேண்டும், எப்போது வயிற்றைத் திறந்தே பார்க்க வேண்டும் என்ற முடிவெடுக்கும் திறனை எந்தப் பெட்டியும் தராது.

அமெரிக்கா இதற்கிடையில் ஓர் அடி பின்வாங்கியது. முதலாண்டுப் பயிற்சியாளர்கள் தொடர்ந்து 16 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2011இல் விதித்திருந்தார்கள். பிறகு 117 அறுவை சிகிச்சைப் பயிற்சித் திட்டங்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஷிஃப்ட் நீளத்தில் தளர்வு கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் முடிவு வெளியானது: நோயாளிகளின் மரணத்திலோ கடும் சிக்கல்களிலோ வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த ஆண்டே 24 மணி நேர ஷிஃப்ட் திரும்பி வந்தது. வித்தியாசமில்லை என்பதை நீண்ட ஷிஃப்டுக்கு ஆதரவாக ஒரு தரப்பு வாசித்தது. அதே முடிவை, குறுகிய ஷிஃப்டால் நோயாளிக்குக் கேடில்லை என்றும் வாசிக்கலாம்.

இங்கிலாந்தில் பயிற்சி மருத்துவர்களுக்கான 2016 பணி ஒப்பந்தம் ஷிஃப்டுக்கு 13 மணி நேர உச்சவரம்பு வைத்தது. மீறல்களைக் கண்காணிக்க ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஓர் அதிகாரியை நியமித்தது. அதிக நேரம் வேலை வாங்கினால் மட்டுமல்ல, தியேட்டரில் நிற்க வேண்டியவரை வார்டு வேலைக்கு இழுத்தாலும் பயிற்சியாளர் புகார்ப் பதிவு செய்யலாம். ஆனால் அவருடைய பயிற்சி அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டியவர் அதே தியேட்டரில் நிற்கும் கன்சல்டன்ட். அதனால் பதிவு செய்வதைவிட, ஓய்வு நாளில் சம்பளமில்லாமல் வந்து ஒரு அறுவையில் நின்றுவிட்டுப் போவதையே பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த மணி நேரம் லாக்புக்கில் ஏறும், அட்டவணையில் ஏறாது.