ஒரே பெயர், வேறு தலைப்பெழுத்து

கிளாஸ் காஸ்ட் எக்செப்ஷன் என்பது ஜாவா புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது வரும் பிழை. ஜாவாவில் ஒவ்வொரு ஆப்ஜெக்டும் ஏதோ ஒரு கிளாஸைச் சேர்ந்தது. பொதுவான வகையில் வாங்கி வைத்த ஆப்ஜெக்டை, 'இது இன்ன கிளாஸ்தான்' என்று புரோகிராமர் அடித்துச் சொல்வதற்கு காஸ்ட் என்று பெயர். கம்பைலர் பெரும்பாலும் அந்தப் பேச்சை நம்பி விட்டுவிடும். ஓடும் நேரத்தில், புரோகிராமை இயக்கும் ஜேவிஎம் சரிபார்க்கும். பொருந்தாவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். தப்பான ஆப்ஜெக்ட் கணக்குக்குள் நுழைவதைவிட வேலை நின்றுபோவது எவ்வளவோ மேல்.

2004இல் ஜாவா 5 உடன் ஜெனரிக்ஸ் வந்தபின் இந்தப் பிழை குறைந்தது, ஒழியவில்லை. லிஸ்டில் ஸ்ட்ரிங் மட்டுமே இருக்கும் என்று எழுதி வைத்தாலும், கம்பைல் ஆனபின் ஓடும் லிஸ்டுக்கு அது தெரியாது. பழைய கோடு வழியாக ஓர் இன்டிஜர் உள்ளே போனால் போகிற இடத்தில் சத்தமே இருக்காது. எடுக்கிற இடத்தில்தான் வெடிக்கும். ஆகவே லாக் காட்டும் வரியைத் திருத்துவதில் பயனில்லை, உள்ளே போட்டவரைத் தேட வேண்டும். டேட்டாபேஸ் எண்ணிக்கைகளும் இப்படித்தான். லாங் வரும் என்று நம்பிய இடத்தில் பிக் இன்டிஜர் வந்து நிற்கும். நம்பர் என்று வாங்கி, அதனிடம் லாங் மதிப்பைக் கேட்பதே பாதுகாப்பு.

பெரிய நிறுவன அப்ளிகேஷன்களில் ஆட்களை நாள் கணக்கில் அலைக்கழிப்பது வேறொன்று. 'ஆர்டரை ஆர்டராக மாற்ற முடியாது' என்று லாக் சொல்லும். பேக்கேஜ் பெயர் உட்பட இரண்டு கிளாஸ் பெயர்களும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கும். ஒரே தெருவில் இரண்டு முருகன் இருந்தால், கே. முருகன், எஸ். முருகன் என்று தலைப்பெழுத்தை வைத்துத்தான் பிரித்தறிய முடியும். ஜேவிஎம்மில் கிளாஸுக்குத் தலைப்பெழுத்து, அதை ஏற்றிய கிளாஸ்லோடர். பெயரும் லோடரும் சேர்ந்தால்தான் கிளாஸின் அடையாளம் முழுமையாகும். ஒரே ஜார் ஃபைலை இரண்டு லோடர்கள் ஏற்றினால், உள்ளடக்கம் பைட் மாறாமல் இருந்தாலும் அவை இரண்டு கிளாஸ்கள்.

இந்தக் கறார் தேவையில்லாதது அல்ல. பெயரை மட்டும் நம்பினால், அதே பெயரில் வேறு கிளாஸைப் புகுத்தி ஜாவாவின் வகைப் பாதுகாப்பையே உடைக்கலாம். அன்றைய ஜாவாவில் அது முடியும் என்று 1997இல் விஜய் சரஸ்வத் காட்டினார். லோடர்களுக்கிடையே கட்டுப்பாடுகள் வைத்து அதை அடைக்கும் வழியை 1998இல் ஷெங் லியாங்கும் கிலாட் பிராச்சாவும் எழுதினார்கள்.

டாம்கேட்டில் ஒவ்வொரு வெப் அப்ளிகேஷனுக்கும் தனி லோடர் உண்டு. சர்வரின் பொது லிப்புக்கு முன் அது தன் லிப் ஃபோல்டரைத்தான் பார்க்கும். அதே ஜார் சர்வரின் பொது லிப்பிலும் கிடந்தால் சிக்கல் தயார். பொது லிப்பில் இருக்கும் சர்வீஸ் தன் ஆர்டரை உருவாக்கிக் கொடுக்கும். அப்ளிகேஷன் அதை வாங்கித் தன் ஆர்டரோடு ஒப்பிடும். இரண்டும் சேராது. ஜாரை ஓர் இடத்தில் மட்டும் வைப்பதே தீர்வு. பொது லிப்பில் இருக்கட்டும் என்று முடிவானால், மேவனில் அதை 'ப்ரொவைடட்' என்று குறித்துவிட்டால் போதும்.

எது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. ஜாவா 11 முதல் பிழைச் செய்தியே இரண்டு லோடர்களையும் சொல்லிவிடுகிறது. அந்த நீண்ட அடைப்புக்குறியைப் பலர் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். பழைய பதிப்புகளில், காஸ்ட்டுக்கு முந்தைய வரியில் இரண்டு கிளாஸ்களின் லோடரையும் கோட் சோர்ஸ் இடத்தையும் லாகில் அச்சிட வேண்டும். இரண்டு ஜார் பாதைகள் அடுத்தடுத்து வந்து நின்றால் விஷயம் முடிந்தது. பிழை பலமுறை வந்தபின் லாகில் ஸ்டாக் டிரேஸ் இல்லாமல் பெயர் மட்டும் நிற்பதும் உண்டு. அடிக்கடி ஓடும் இடத்தில் ஹாட்ஸ்பாட் என்ற ஜேவிஎம் வேகத்துக்காக ஸ்டாக் டிரேஸை விட்டுவிடுகிறது. லாகில் மேலே போய், முதலில் வந்த பிழையைப் பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங்கில் 'ப்ராக்ஸி' என்ற சொல்லும் ஓர் எண்ணும் கொண்ட பெயர் செய்தியில் வந்தால் அது லோடர் சண்டை அல்ல. டிரான்சாக்ஷன் போன்றவற்றுக்காக ஸ்பிரிங் இடையில் நிறுத்திய பதிலாள் அது. இன்டர்ஃபேஸ் வகையில் வாங்கினால் சரியாகிவிடும்.

சர்வரை முழுதாக நிறுத்தித் தொடங்கினால் பிழை இல்லை, ரீடிப்ளாய் செய்தால் மட்டும் வருகிறது என்றால், பழைய லோடரின் ஆப்ஜெக்ட் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேட வேண்டிய இடங்கள்: பொது கேஷ், பொது லிப்பில் உள்ள ஸ்டாட்டிக் மாறிகள், த்ரெட் பூலில் உயிரோடிருக்கும் த்ரெட்லோக்கல்கள்.